அனிமேஷன் கேட்கும் மகனுக்கு இன்னொரு வழி

அன்புள்ள அம்மா,

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த மகன் அனிமேஷனே கதி என்றிருப்பதையும், ஓவியம் சுமாராகத்தான் வரும் என்பதையும் எழுதியிருந்தீர்கள். உங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இதற்கு வேலை இல்லை. கோலாலம்பூர், சைபர்ஜெயா பக்கம்தான் போக வேண்டும். ஆனால் தம்பி அனுப்பிய படத்தைவிட, கோப்புகளுக்குப் பெயர் மாற்ற எழுதிய பைத்தான் நிரல்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஸ்டூடியோக்களில் 'பைப்லைன் டிடி' (டெக்னிக்கல் டைரக்டர்) என்றொரு வேலை இருக்கிறது. வரைபவர்களின் மென்பொருள் தடையின்றி ஓடப் பார்த்துக்கொள்பவர் அவர்.

ஒரே ஸ்டூடியோவில் ஒரு தொடர் மாயா என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளின் 2020 பதிப்பிலும், இன்னொன்று அதன் 2022 பதிப்பிலும் நடக்கிறது என்று வையுங்கள். மாயாவோடு சேர்த்து ஓட்டும் கூடுதல் நிரல்களைப் பிளக்-இன் என்பார்கள்; பலவற்றைப் பைத்தானில் எழுதுவார்கள். 2020-இல் பைத்தான் 2. 2022-இல் இயல்பாகவே பைத்தான் 3. பழைய பிளக்-இன்னில் 'பிரிண்ட்' கட்டளைக்குப் பின் அடைப்புக்குறி இல்லையென்றால் போதும், புதிய மாயாவில் அது ஓடாது. சி++ மொழியில் எழுதியதையோ மாயாவின் பதிப்புக்கு ஏற்பத் தனித்தனியாகத் தொகுக்க வேண்டும். மாயாவின் ஆஸ்கி கோப்பை (எழுத்தாகவே சேமிக்கும் வகை) நோட்பேடில் திறந்தால், மேலேயே 'ரிக்வயர்ஸ்' என்று தொடங்கும் வரிகளில் தேவையான பிளக்-இன்னும் அதன் பதிப்பும் இருக்கும். அது இல்லாத கணினியில் திறந்தால், அதை நம்பியிருந்த பகுதிகள் வேலை செய்யாது. காலக்கெடு நெருங்கும் நேரத்தில் இப்படி நடந்தால் குழு முழுவதும் கைகட்டி உட்கார வேண்டியதுதான்.

அதனால் கணினிக்குக் கணினி நிறுவுவதில்லை. எல்லாப் பிளக்-இன்களும் பொதுச் சர்வரில், பதிப்பு எண்ணிட்ட கோப்புறைகளில் இருக்கும். ஒவ்வொரு படைப்புக்கும் எந்தப் பிளக்-இன், எந்தப் பதிப்பு என்ற தனிப் பட்டியல். கலைஞர் படைப்பின் பெயரைச் சொடுக்கியதும் ஒரு சிறு நிரல் பட்டியலைப் படித்து, 'மாயா_மாட்யூல்_பாத்' என்ற சூழல் மாறியில் (எங்கே தேட வேண்டும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் அமைப்பு) அந்தப் பாதைகளை மட்டும் வைத்து மாயாவைத் திறக்கும். இதற்கென்றே 'ரெஸ்' என்ற இலவசக் கருவியும் உண்டு. படைப்பு பாதியில் இருக்கும்போது பட்டியலில் கை வைக்கக் கூடாது. புதிய பதிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடுத்த படைப்புக்குத்தான். இந்தக் கண்டிப்பு உள்ள ஆளை இழக்க எந்த ஸ்டூடியோவுக்கும் மனம் வராது.

வீட்டுக் கணினியிலேயே பழகலாம், செலவில்லை. மாயா போன்ற பிளெண்டர் மென்பொருள் இலவசம். இரண்டு கோப்புறைகளில் வெவ்வேறு ஆட்-ஆன்களை (பிளெண்டரின் பிளக்-இன்கள்) வைத்து, இரண்டு பேட்ச் கோப்புகள் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு கோப்புகள்) எழுதட்டும். ஒவ்வொன்றும் 'பிளெண்டர்_யூசர்_ஸ்கிரிப்ட்ஸ்' மாறிக்கு வேறு கோப்புறையைக் காட்டிவிட்டுப் பிளெண்டரைத் திறக்க வேண்டும். ஒன்றின் ஆட்-ஆன் மற்றதில் தெரியவில்லையென்றால் தம்பிக்குப் பாதி புரிந்துவிட்டது.

படிப்புக்கு, பாலிடெக்னிக்கில் தகவல் தொழில்நுட்ப டிப்ளோமாவை முதலில் பாருங்கள், கட்டணம் குறைவு. சைபர்ஜெயா மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் கணினித்துறையும் படைப்பாக்கத் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன, ஆனால் அது தனியார். பி.டி.பி.டி.என். என்ற அரசுக் கல்வி நிதி கிடைத்தாலும் அது திருப்பிக் கட்ட வேண்டிய கடன். தோட்டச் சம்பளத்தில் நடக்கும் குடும்பத்துக்கு, டிப்ளோமா முடித்துப் பட்டப்படிப்புக்குப் போவதே நல்லது என்பேன்.

என்னைப் பார்க்க வரும்போது எஸ்.பி.எம். முடிவுத் தாளையும் அந்த இரண்டு பேட்ச் கோப்புகளையும் தம்பி கொண்டுவரட்டும். கணிதத்தில் என்ன கிடைத்திருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு விண்ணப்பத்தை நிரப்புவோம்.