பெண் கடல் எப்போதும் சாது இல்லை

கேள்வி: நான் தன்பாலீர்ப்பாளன். நாடகங்களிலும் சில குறும்படங்களிலும் நடித்திருக்கிறேன். கிடைப்பதெல்லாம் கேலிக்கு ஆளாகிற வேடம்தான். அமெரிக்க நடிகை அபி ஜேக்கப்சன் மாதிரி நானே எழுதி, நடித்து, வெப் சீரிஸ் எடுத்து யூடியூபில் விடலாமா? எங்கள் பெண் கடல் ஓரத்திலேயே எடுக்க ஆசை. இதை நம்பிப் பிழைக்க முடியுமா?
– பெயர் வேண்டாம், மண்டபம்

பதில்: பெண் கடல் என்றீர்களே, முதலில் அதைப் பேசிவிடுவோம் தம்பி. வடக்கே பாக் நீரிணை பெண் கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல் என்பது உங்கள் கரை வழக்கு. அலையில்லாமல் கிடப்பது பெண், ஆர்ப்பரிப்பது ஆண் என்று கணக்கு. ஐப்பசி பிறந்து வாடை பிடித்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அப்போது பெண் கடல் கொந்தளிக்கும், ஆண் கடல் குளம் மாதிரி கிடக்கும். வைகாசியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழுந்தால் மறுபடி மாறும். இது தெரிந்துதான் நாட்டுப்படகுக்காரர்கள் பருவத்துக்கு ஒரு கரை மாறித் தொழில் செய்கிறார்கள். கடலுக்கு வைத்த ஆண் பெண் பெயரே ஆறு மாதம்கூட நிலைப்பதில்லை. மனிதர்கள் விஷயத்தில் மட்டும் ஊர் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது என்று உங்கள் பாத்திரம் ஒன்று கேட்கட்டும்.

படப்பிடிப்புக்கும் இதுவே பஞ்சாங்கம். வெப் சீரிஸ் கெடுவது பெரும்பாலும் கேமராவால் அல்ல, ஒலியால். படம் கொஞ்சம் மங்கினாலும் பார்ப்பார்கள். வசனம் கேட்கவில்லை என்றால் அரை நிமிடத்தில் போய்விடுவார்கள். ஆகவே வைகாசி முதல் புரட்டாசி வரை வடக்குக் கரை, வாடைக் காலத்தில் தெற்குக் கரை. எல்லாவற்றையும்விட நல்லது ஏப்ரல் பின்பாதி. இரண்டு காற்றுக்கும் நடுவே கடல் ஓய்ந்திருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் வரிசையாக நிற்கும், எஞ்சின் சத்தம் குறைந்திருக்கும், படகில் ஏறி நடிக்கச் சம்மதம் கேட்க ஆளும் கரையில் இருப்பார்.

சட்டைக் காலரில் குத்தும் மைக்குக்குக் கடற்கரையில் பஞ்சு உறை போதாது, முடி உறை வேண்டும். மைக்கை நெஞ்செலும்பின் மேல் டேப் போட்டு ஒட்டி, மேலே பருத்திச் சட்டை போடுங்கள். பாலியெஸ்டர் உரசும் சத்தத்தைப் பிறகு நீக்கவே முடியாது. ஒலி அளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம். 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடித்தொனியை வெட்டினால் காற்றின் உறுமல் குறையும். ஆனால் காற்று அறைந்து ஒலி ஒருமுறை உடைந்துவிட்டால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. வயர்லெஸ் மைக் என்றால் நடிகர் கேமராவுக்கு முதுகு காட்டும்போது உடம்பே சிக்னலை மறைக்கும். டிரான்ஸ்மிட்டரை இடுப்பின் எந்தப் பக்கம் மாட்டுவது என்பதை நடிப்புக்கு ஏற்ப முடிவு செய்யுங்கள். இடத்துக்கு இடம் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் வெறும் கடல் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். அது இல்லாவிட்டால் எடிட்டிங்கில் வெட்டுக்கு வெட்டு கடல் துள்ளும். கெட்டுப்போன வசனத்தை அன்றே, அதே மூச்சோடு, கண்ணாடி ஏற்றிய காருக்குள் உட்கார்ந்து மறுபடி சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள்.

செல்போனில் நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டீக்கடை விளக்கு மினுக்காது. ஆனால் அந்த ஷட்டரில் வெயில் வெளுத்துவிடும். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் இல்லையென்றால் காலை எட்டரைக்குள்ளும் மாலை நாலுக்குப் பிறகும் மட்டும் எடுங்கள். ட்ரோன் ஆசை வந்தால், உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானதளம் இருப்பதை மறக்காதீர்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றுமே தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது.

இனி ஜேக்கப்சன். நியூயார்க்கில் நகைச்சுவை மேடைக் குழுவில் இடம் கிடைக்காமல்தான் அவரும் இலானா கிளேசரும் 2009-ல் 'பிராட் சிட்டி'யை இணையத்தில் தொடங்கினார்கள். அந்த இணையத் தொடரின் கடைசி அத்தியாயத்தில் பிரபல நகைச்சுவை நடிகை ஏமி போலர் வந்து நடித்தார், பிறகு நிர்வாகத் தயாரிப்பாளர் ஆனார். ஒரு தொலைக்காட்சி எடுத்துக் கைவிட்டது. 2014-ல்தான் வேறொன்றில் வந்தது, ஐந்து சீசன் ஓடியது. 2022-ல் ஜேக்கப்சன் இணைந்து உருவாக்கிய அடுத்த தொடர் ஒரே சீசனோடு நின்றது. அதாவது முதல் ஐந்து வருடம் வேறு வேலை செய்துகொண்டே செய்ய வேண்டிய தொழில் இது. யூடியூப் விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரரும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதற்குப் பிறகும் வருவது பெட்ரோல் காசுதான். உங்கள் தொடர் உங்களுக்குச் சம்பளம் தராது. அடுத்தவர் உங்களுக்கு நல்ல வேடம் தரச் சாட்சியாக இருக்கும்.

கேலி வேடத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் பலமுறை சண்டை போட்டிருக்கிறோம், இன்னும் போடுவோம். தமிழ்நாட்டுத் திருநங்கை நடிகை நேகாவுக்கு 2022-ல் மாநில விருது கொடுத்தது கேரளம், மலையாளப் படத்துக்கு. நம் சினிமா அதுவரை என்ன செய்துகொண்டிருந்தது? நம் இன்னொரு பழைய வழக்கு, ராமநாதபுரத்துப் பாத்திரம் எல்லாம் மதுரைப் பேச்சுப் பேசுவது. டப்பிங் தியேட்டரில் ஊரையே மாற்றிவிடுகிறார்கள். மண்டபத்துப் பேச்சு, கீழக்கரைப் பேச்சு, தொண்டிப் பேச்சு மூன்றும் ஒன்றல்ல. நேரடி ஒலியில் பிடிவாதமாக இருங்கள் என்று சொல்வதற்கு இதுவும் காரணம்.

ஒவ்வொன்றும் ஆறு நிமிடமாக ஆறு அத்தியாயம் போதும். திரைக்கதையில் பக்கத்துக்கு ஒரு நிமிடம். ஐந்து பேர் குழு ஒரு நாளில் நாலு பக்கம் எடுக்கும். மூன்று அத்தியாயம் எடிட் முடிந்து கையில் இருக்கும்போது முதலாவதை விடுங்கள். நடிப்பவர்கள் வீட்டில் சொல்லாதவர்களாக இருக்கலாம். முகம், பெயர், ஊர் இந்த மூன்றுக்கும் தனித்தனியே எழுத்துச் சம்மதம் வாங்குங்கள். வெளியிடும் நாள்வரை திரும்பப் பெறும் உரிமையும் கொடுங்கள். இரவுப் படப்பிடிப்பில் காவலர் மிரட்டினால், தன்பாலீர்ப்பாளர், திருநங்கையர் உள்ளிட்ட பால்புதுமையரைத் துன்புறுத்தக் கூடாது என்று தமிழகக் காவலர் நடத்தை விதியில் 2022-ல் 24-சி சேர்க்கப்பட்டிருப்பதைச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒப்பந்தம். பதிப்புரிமைச் சட்டத்தில் திரைப்படத்துக்கு ஆசிரியர் தயாரிப்பாளர்தான். எழுதியவரோ நடித்தவரோ அல்ல. ஐம்பதாயிரம் தருகிறேன், தயாரிப்பாளர் என்று என் பெயர் போடு என்று யாராவது வந்தால் தொடரே அவருடையதாகிவிடும். கடன் வாங்கினாலும் தயாரிப்பாளர் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும். எழுத்தை விற்றால் எத்தனை வருடம், எந்த நாடு என்று எழுதி வாங்குங்கள். எழுதாமல் விட்டால் சட்டப்படி ஐந்து வருடம், இந்தியா மட்டும். வாங்க வருகிறவர் 'என்றென்றும், உலகமெங்கும்' என்று அச்சடித்த தாளைத்தான் நீட்டுவார்; அந்த வரியை அடித்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.