வாசகர் கேள்விகள்: ஜாஸ்பர் கல்லுக்கு அத்தனை உழைப்பு ஏன்?

கேள்வி: இன்று மலிவாகக் கிடைக்கும் ஜாஸ்பர் கல்லை, பொன்னுக்குக் குறைவில்லாத எகிப்திய அரசர்கள் ஏன் அவ்வளவு விரும்பினார்கள்? (வாசகி, காரைக்குடி)

பதில்: நிறமே முதற்காரணம். குவார்ட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த, ஒளி ஊடுருவாத இக்கல்லின் சிவப்பு, உள்ளே நுண்துகள்களாகக் கலந்திருக்கும் இரும்பு ஆக்சைடால் வருவதால், மூவாயிரம் ஆண்டுகள் கழிந்தும் வெளிறுவதில்லை. எகிப்தியர் அதில் ஐசிஸ் தேவியின் குருதியைக் கண்டனர். ‘இறந்தோர் நூல்’ எனப்படும் மந்திரத் தொகுப்பின் 156ஆம் மந்திரம், ‘தியெத்’ என்னும் முடிச்சு வடிவத் தாயத்தைச் சிவப்பு ஜாஸ்பரில் செய்து, அடக்கம் செய்யும் நாளில் இறந்தவரின் கழுத்தில் வைக்கச் சொல்கிறது. பச்சை ஜாஸ்பருக்கும் மதிப்பிருந்தது. 17ஆம் அரச மரபைச் சேர்ந்த சொபெகெம்சாஃப் மன்னரின் இதய வண்டு (இறந்தவரின் மார்பில் வைக்கும் வண்டு வடிவத் தாயத்து), மனித முகத்துடன் பச்சை ஜாஸ்பரில் செதுக்கப்பட்டுப் பொன் பீடத்தில் பதிக்கப்பட்டது. இறப்புக்குப் பின் வரும் தீர்ப்பு வேளையில் இதயம் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லலாகாது என்பதே இத்தகைய வண்டுகள் சுமந்த வேண்டுதல். சொபெகெம்சாஃபின் வண்டை இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் காணலாம்.

கல் எளிதில் கிடைத்தாலும் அதைப் பொருளாக்குவது எளிதாக இருக்கவில்லை. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் 6.5 முதல் 7 வரை கடினமுள்ள ஜாஸ்பரைச் செம்பு உளியாலோ வெண்கல உளியாலோ வெட்ட முடியாது. ஏறக்குறைய அதே கடினமுள்ள குவார்ட்ஸ் மணல் போன்ற தேய்பொருள்களைக் கொண்டு சிறிது சிறிதாகத் தேய்த்துத்தான் வடிவம் கொண்டுவர வேண்டும். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ள மஞ்சள் ஜாஸ்பர் முகத்துண்டை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. எகிப்திய மன்னர் அக்நாதன் காலத்தைச் சேர்ந்த (கி.மு. 1353–1336) அந்தச் சிலையில் உதடுகளும் தாடையும் கழுத்தின் ஒரு பகுதியும் மட்டுமே எஞ்சியுள்ளன, அது எந்த அரசியின் முகம் என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆயினும் அந்த உதடுகளின் விளிம்பும் கண்ணாடிபோன்ற மெருகும், கல்லோடு பொறுமையாகப் போராடிய கலைஞர் எத்தகையவர் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றன.

இதே நுண்ணிய, அடர்ந்த உடலமைப்பு ரோமானியருக்கும் பயன்பட்டது. எழுத்தும் உருவமும் சிதையாமல் கூர்மையாகப் பதியும் என்பதால், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் முத்திரை மோதிரங்களுக்குச் சிவப்பு ஜாஸ்பரைப் பெரிதும் விரும்பினர்.

கேள்வி: ஜாஸ்பரில் பெரிய பொருள்கள் உண்டா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: உண்டு. ரஷ்யாவின் அல்தாய் மலைப்பகுதியிலுள்ள கோலிவான் கல்பட்டறையில், பச்சை அலைக்கோடுகள் ஓடும் ஒரே ஜாஸ்பர் பாறையிலிருந்து 1831 முதல் 1843 வரை பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய கோலிவான் ஜாடியின் எடை ஏறத்தாழ 19 டன். உயரம் இரண்டரை மீட்டருக்கு மேல், வாய்ப்பகுதியின் நீளம் ஐந்து மீட்டருக்கு மேல். நூற்றுக்கும் அதிகமான குதிரைகள் பூட்டிச் சாலைவழியாகவும் பின்னர் ஆற்றுவழியாகவும் பீட்டர்ஸ்பர்க் கொண்டு சென்ற அதை, ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தின் தரைத்தளத்தில் இன்றும் பார்க்கலாம்.

கேள்வி: தமிழகத்தில் கிடைத்துள்ளதா? (வாசகர், ஈரோடு)

பதில்: உங்கள் மாவட்டத்திலேயே, நொய்யல் கரையிலுள்ள கொடுமணல் அகழாய்வில், பச்சைக்கல், நீலக்கல், சூதுபவளம், படிகம் ஆகியவற்றோடு ஜாஸ்பரும் கிடைத்துள்ளது.