தடைதாண்டும் போட்டிகளில் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கம்

"ஓடுகிறார்கள், தாவுகிறார்கள், தண்ணீரில் விழுகிறார்கள்; தொலைக்காட்சியில் வரும் தடைதாண்டும் போட்டிகளில் மக்களுக்கு அப்படி என்ன ஈர்ப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாகக் குடும்பத்தோடு இவற்றைப் பார்த்து வருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். இந்தப் போட்டியில் எதிராளி என்று ஒரு மனிதர் இல்லை என்பதே முதன்மையான காரணம். காற்பந்திலோ பூப்பந்திலோ ஒருவர் வெல்ல இன்னொருவர் தோற்றே ஆகவேண்டும் என்பதால், பார்ப்பவரும் ஒரு தரப்பைப் பிடித்துக்கொண்டு மறுதரப்பின் தவற்றுக்காகக் காத்திருக்க நேர்கிறது. இங்கே அந்தக் கட்டாயம் கிடையாது. களமிறங்கும் அத்தனை பேரும் வெல்லட்டும் என்று மனதார விரும்பலாம். எங்கள் வீட்டில் காற்பந்து என்றால் ஆளுக்கொரு குழு. இந்த நிகழ்ச்சி ஓடும் இரவுகளில் மட்டும், மாமியார் முதல் மகள் வரை அனைவரும் முன்பின் தெரியாத ஒரே மனிதருக்காகக் குரல் கொடுக்கிறோம்.

ஜப்பானின் டிபிஎஸ் தொலைக்காட்சி 1997இல் தொடங்கிய 'சாஸுகே'யிலிருந்து கிளைத்தவைதான் இன்று பல நாடுகளில் நடக்கும் 'நிஞ்ஜா வாரியர்' நிகழ்ச்சிகள். யோகோஹாமாவில் உள்ள மிதோரியாமா படப்பிடிப்பு வளாகத்தில், வழக்கமாக 100 பேர் நான்கு கட்டங்களைக் கடக்க முயல்வார்கள். கடைசிவரை ஒருவரும் தேறாமல் போகலாம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. 2020 வரை நடந்த 38 போட்டிகளில் முழு வெற்றி கண்டவர்கள் நால்வர் மட்டுமே. 1999இல் வென்ற அகியாமா கஸுஹிகோ நண்டு பிடிக்கும் தொழிலாளி. 2006இல் வென்ற நாகானோ மகோதோ மீன்பிடிப் படகை நடத்தியவர். 2010, 2011 ஆகிய இரு ஆண்டுகளிலும் வென்ற உருஷிஹாரா யூஜி காலணி விற்பனையாளர். 2015இலும் 2020இலும் வென்ற மோரிமோதோ யூசுகே முதல் வெற்றியின்போது கல்லூரி மாணவர். ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக் வீரர்கள் வந்து இடையிலேயே விழுந்த களத்தில் இவர்கள் நிலைத்து நின்றார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

மூன்றாம் கட்டத்தை நீங்கள் ஒருமுறை பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் அகலமே உள்ள விளிம்புகளில் விரல்நுனிகளை மட்டும் பதித்து, காலூன்ற இடமின்றி, முழு உடலும் தொங்க, ஒரு விளிம்பிலிருந்து அடுத்ததற்கு அவர்கள் நகர்கிறார்கள். முன்கை நரம்புகள் புடைப்பதும், விரல்கள் ஒவ்வொன்றாக நழுவுவதும், அவர் தோளை உதறி மீண்டும் பிடிப்பதும் நம் கண்ணெதிரே நடக்கின்றன. நடுவரின் மதிப்பெண்ணும் ரசிகர்களின் வாக்கும் முடிவைத் தீர்மானிப்பதில்லை. பிடி நழுவினால் தண்ணீர், அவ்வளவுதான். அந்த நேரத்தில், ஏற்கெனவே விழுந்து வெளியேறியவர்கள் களத்தின் ஓரமாகக் கூடவே நடந்து, "மூச்சு விடு, அவசரப்படாதே" என்ற தோரணையில் கத்திக்கொண்டே வருவார்கள். தான் தொட முடியாத இடத்தை இன்னொருவர் தொடும்போது அவர்கள் முகத்தில் தெரியும் மகிழ்ச்சியை வேறு எந்த விளையாட்டிலும் இத்தனை வெளிப்படையாக நான் கண்டதில்லை.

சிங்கப்பூரில் வளர்ந்த ஆண்களுக்கு இதில் சொந்த அனுபவமும் கலந்திருக்கிறது. கட்டாயத் தேசிய சேவையில் தலைக்கவசமும் துப்பாக்கியுமாக 'எஸ்ஓசி' எனும் ராணுவத் தடைப்பாதையில் ஓடியவர்களுக்கு, ஏறிக் கடக்கவேண்டிய 'லோ வால்' சுவரின்முன் உடல் தரையைவிட்டு எழ மறுக்கும் கணமும், சுற்றி நிற்கும் பிரிவுத் தோழர்களின் குரலும் நன்றாகத் தெரியும். அதனால்தான் நிஞ்ஜா வாரியரில் ஓடிவந்து ஏறவேண்டிய உயரமான வளைந்த சுவரை ஒருவர் நெருங்கும்போது நம் கால்களும் தாமாகவே இறுகுகின்றன.

அந்தச் சுவரை 2014இல் டாலஸ் நகரில் கேசி கட்டான்சாரோ ஏறியதைக் கட்டாயம் பாருங்கள். ஐந்தடி உயரமே உள்ள அவர், அமெரிக்க நிகழ்ச்சியில் அதை ஏறிய முதல் பெண். பிறகு அந்நகர அளவிலான இறுதிச்சுற்றின் பாதையையும் முழுவதுமாக முடித்தார்.

அமெரிக்க நிகழ்ச்சியில் எனக்கு உடன்பாடில்லாதவையும் உண்டு. ஓட்டத்துக்குமுன் காட்டப்படும் சோகக் கதைகள் நீளமானவை. அவற்றைக் குறைத்தால் இன்னும் சிலரின் முயற்சியை முழுமையாகக் காட்டலாம். அதைவிட என்னை வருத்தியது 2015 இறுதிச்சுற்று. ஜெஃப் பிரிட்டன் கடைசிக் கயிற்றை 29.65 வினாடிகளில் ஏறி, அந்நாட்டில் எல்லாக் கட்டங்களையும் முடித்த முதல் மனிதரானார். அடுத்து வந்த ஐசக் கால்டியேரோ 26.14 வினாடிகளில் ஏற, பத்து லட்சம் டாலர் முழுவதும் அவருக்கே போய்ச் சேர்ந்தது. இருவரும் களத்தை வென்றிருக்க, பரிசுவிதி அவர்களில் ஒருவரைத் தோற்றவராக்கிவிட்டது. கால்டியேரோ விரைவாக ஏறியதில் ஐயமில்லை. ஆனாலும் அந்தப் பரிசைப் பகிர்ந்தளித்திருக்க வேண்டும் என்றே இன்றும் கருதுகிறேன்.

இதே கவலை 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கைக் குறித்தும் எனக்கு இருக்கிறது. அங்கே ஐந்து விளையாட்டுகள் அடங்கிய நவீன ஐந்திறப் போட்டியில் (மாடர்ன் பென்டத்லான்) குதிரையேற்றத்துக்குப் பதிலாகத் தடைதாண்டல் இடம்பெறவிருக்கிறது. இந்தக் கலை ஒலிம்பிக் மேடை ஏறுவது எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆனால் அதில் வீரர்கள் அடுத்தடுத்த தடங்களில் ஒரே நேரத்தில் ஓடுவார்கள். பார்ப்பவரின் கண் தடையைவிட்டுப் பக்கத்துத் தடத்துக்குப் போய்விடும், மற்றவர் சற்றே தடுமாற மாட்டாரா என்ற எண்ணமும் கூடவே வந்துவிடும். ஒவ்வொருவராக ஓடவிட்டு நேரத்தைக் கணக்கிடும் முறையையே அங்கும் வைத்திருக்கலாம்.