எழுபது வயது வீட்டை வாங்கலாமா?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் புறநகர்களில் எழுந்த சிறிய வீடுகள் இன்றும் ஓரளவு கைக்கு எட்டும் விலையில் கிடைக்கின்றன. அவற்றை வாங்க நினைக்கும் வாசகர்களின் கேள்விகள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

பென்சில்வேனியாவின் லெவிட்டவுனில் 1953இல் கட்டிய வீடு ஒன்று எங்கள் வசதிக்குள் வருகிறது. பேஸ்மென்ட் கிடையாது; தரைக்குள்ளேயே வெந்நீர்க் குழாய் ஓடுகிறதாம். வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் சமையலறையைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பற்றி விசாரியுங்கள். 1952 முதல் 1958 வரை லெவிட் நிறுவனம் அங்கே கட்டிய 17,000க்கும் மேற்பட்ட வீடுகளில் பெரும்பாலானவற்றில், செலவைக் குறைப்பதற்காக பேஸ்மென்ட் தோண்டாமல் கான்கிரீட் தளத்தின்மீதே சுவர்களை எழுப்பி, வீட்டைச் சூடாக்கும் செப்புக் குழாய்களையும் அந்தத் தளத்துக்குள்ளேயே புதைத்துவிட்டார்கள். பனிக்காலத்தில் வெறுங்காலுக்கு இதமான ஏற்பாடுதான். ஆனால் குழாய் அரித்துக் கசியத் தொடங்கினால் தரையை உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டும் என்பதால், பலர் அதை அப்படியே கைவிட்டு வேறு ஹீட்டர் வைத்துக்கொண்டார்கள். இந்த வீட்டில் இப்போது எது இயங்குகிறது என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். பழையதுதான் என்றால், கோடைக்காலமாக இருந்தாலும் வீட்டைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டரை பாய்லரை ஓடவிட்டு அழுத்தமானியைக் கவனிக்கச் சொல்லுங்கள். அழுத்தம் தானாக இறங்கினாலோ, தரையில் ஓரிடம் மட்டும் அளவுக்கு மீறிச் சுட்டாலோ கசிவு இருக்கக்கூடும். பேஸ்மென்ட் இல்லாததால், மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் ராடான் என்ற கதிரியக்க வாயு இராது என்று எண்ண வேண்டாம். பென்சில்வேனியாவில் அந்தச் சோதனை கட்டாயம் தேவை. லிட்டருக்கு 4 பிகோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அல்லது அதற்கு மேல் இருந்தால் சரிசெய்ய வேண்டும்.

நியூ ஜெர்சியில் பார்த்த வீட்டில் இப்போது கேஸ் ஹீட்டிங். ஆனால் பக்கவாட்டில் மண்ணிலிருந்து ஓர் இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. அது என்ன?

முன்பு வீட்டைச் சூடாக்க எரித்த எண்ணெயைச் சேமித்துவைத்த நிலத்தடித் தொட்டியின் காற்றுக் குழாயாக இருக்க வாய்ப்பு அதிகம். தொட்டி இன்னும் மண்ணுக்குள் இருந்து, துருப்பிடித்து எண்ணெய் கசிந்திருந்தால், மண்ணைச் சுத்தம் செய்யும் செலவு வீட்டு உரிமையாளரின் தலையில்தான் விழும். சாதாரண வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் அதை ஏற்பதில்லை. உலோகத்தைக் கண்டறியும் கருவியால் தோட்டத்தைச் சோதிக்கும் ஆட்கள் உண்டு. தொட்டி இருப்பது தெரிந்தால், அதை விற்பவரே அகற்றி, ஊராட்சி நிர்வாகத்தின் சான்றையும் கையில் தரும்வரை கிரயத்தை முடிக்காதீர்கள். "விலையில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்" என்ற பேச்சுக்கு இணங்க வேண்டாம். மண்ணுக்குள் எவ்வளவு கசிந்திருக்கிறது என்று தெரியாமல் எவ்வளவு குறைப்பது?

கைக்குழந்தை இருக்கிறது. ஈயப் பெயிண்ட், ஆஸ்பெஸ்டாஸ் பற்றிப் பயமாக இருக்கிறது.

ஈயத்தைப் பற்றிய பயம் நியாயமானது. 1978க்கு முன் கட்டிய வீட்டை விற்பவர், ஈயப் பெயிண்ட் பற்றித் தமக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும் என்றும், சோதனை செய்துகொள்ள வாங்குபவருக்குப் பொதுவாகப் பத்து நாள் அவகாசம் தர வேண்டும் என்றும் கூட்டாட்சிச் சட்டம் கூறுகிறது. சோதனை செய்யும் பொறுப்பு விற்பவருக்கு இல்லை என்பதால், "எனக்குத் தெரியாது" என்று அவர் எழுதிக்கொடுத்தால் நீங்களே சோதித்துவிடுங்கள். பழைய ஜன்னல்களை ஏற்றி இறக்கும்போது உதிரும் தூளில்தான் ஆபத்து அதிகம். ஒன்பது அங்குலச் சதுரத் தரை ஓடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உடையாமல் இருந்தால் பெயர்க்காமல், தேய்க்காமல், அவற்றின்மீதே புதிய தரையைப் போட்டுவிடலாம்.

பிளக் பாயிண்டுகளில் இரண்டு துளைதான் இருக்கிறது. கிரைண்டர் ஓடுமா?

ஓடும், ஆனால் எர்த் இருக்காது. மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பிளக் பாயிண்ட் பொருத்தினால் ஷாக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு; எர்த் வந்துவிடாது. சமையலறைக்காவது புதிய வயரிங் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய பத்திரத்தில் வெள்ளையர் அல்லாதார் குடியிருக்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. எங்களுக்குச் சிக்கல் வருமா?

வராது. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1948இலேயே தீர்ப்பளித்தது. 1968ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் அத்தகைய பாகுபாட்டையே தடைசெய்தது. அந்த வரியைச் செல்லாதென்று ஆவணத்தில் பதியப் பல மாநிலங்கள் வழி செய்திருக்கின்றன. கிரயம் முடிந்தபின் உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.