வீட்டுத் திரையரங்குக்கு ஹார்ன் ஸ்பீக்கரை நாமே செய்தால் சரியாக வருமா?

வரும். "ஹார்ன் என்றால் காது கிழியக் கத்தும், வீட்டுக்கு ஆகாது" என்று நண்பர்கள் தடுப்பதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். இதே வார்த்தைகளை நானும் கேட்டவன், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உங்களுக்கு மரவேலை ஓரளவு கைவரும், கிராஸ்ஓவர் (ஒலியை அடி, நடு, உச்சம் என்று பிரித்து அனுப்பும் சுற்று) என்றால் கொஞ்சம் பயம் என்று வைத்துக்கொள்கிறேன். நான் தொடங்கியபோது அந்த நிலைமையில்தான் இருந்தேன்.

ஹார்ன் கத்துவதில்லை. மட்டமான டிரைவரும் (சவ்வை அசைத்து ஒலி எழுப்பும் பகுதி) தவறான கிராஸ்ஓவரும்தான் கத்தும். சவ்வு தள்ளும் காற்றுக்கும் அறையில் இருக்கும் காற்றுக்கும் நடுவே ஹார்ன் ஒரு கியர் மாதிரி நிற்கிறது. சிறிய தொண்டையில் அழுத்தமாகத் தொடங்கி, படிப்படியாக விரிந்து, பெரிய வாயில் அறையோடு கலக்கிறது. சாதாரணப் பெட்டி ஸ்பீக்கரில் உள்ளே போகும் மின்சாரத்தில் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் ஒலியாகிறது, மிச்சமெல்லாம் சூடாகப் போய்விடும். நல்ல ஹார்னில் அது பத்து மடங்குக்கு மேலும் போகும். அதே சத்தத்துக்கு சவ்வு கொஞ்சம் அசைந்தால் போதும், அதனால் ஒலி சிதைவது குறைவு. ஒலி பக்கச் சுவர்களில் சிதறாமல் நம்மை நோக்கி வருவதால் வசனம் தெளிவாகக் கேட்கிறது. படம் பார்ப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

நடு ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் ஹார்னை நீங்களே செதுக்க வேண்டாம். கம்ப்ரஷன் டிரைவரும் (ஹார்னின் தொண்டையில் பொருத்தும் டிரைவர்) அதற்குப் பொருந்தும் வார்ப்பு ஹார்னும் வாங்கிவிடுங்கள். "அப்படியானால் இது சொந்தச் செய்முறையா?" என்று யாராவது கேட்கக்கூடும். கேட்கட்டும். தொண்டையில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் உச்ச ஒலியில் தெரியும், அந்தத் துல்லியம் என் கைக்கு வராது. இன்னொன்று, கம்ப்ரஷன் டிரைவரை ஆம்ப்ளிஃபயரில் நேரடியாக இணைக்காதீர்கள். ஆம்ப்ளிஃபயரை இயக்கும்போது வந்த ஒரே ஒரு 'தட்' சத்தத்தில் என் முதல் டிரைவரின் சவ்வு போய்விட்டது. எட்டு ஓம் டிரைவர் என்றால் தொடரில் 47 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் ஒன்று போடுங்கள். 400 ஹெர்ட்ஸ் வாக்கிலிருந்து கீழே உள்ள ஒலியை அது வெட்டத் தொடங்கும், டிரைவர் தப்பிக்கும்.

கையால் செய்யத் தகுந்தது அடி ஒலிக்கான பேஸ் ஹார்ன்தான். அதில் மலைக்க வைப்பது அளவு. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8.6 மீட்டர். திறந்த வெளியில் அந்த ஒலிக்கு ஹார்ன் வாயின் சுற்றளவே அவ்வளவு இருக்க வேண்டும், பரப்பு கிட்டத்தட்ட ஆறு சதுர மீட்டர். ஆனால் அறை மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் ஹார்னின் தொடர்ச்சியாகிவிடும், எட்டில் ஒரு பங்கு வாய் போதும். 1940களில் அமெரிக்க ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் பால் கிளிப்ஷ் தன் ஹார்னை மூலைக்கென்றே வடிவமைத்ததற்குக் காரணம் இதுதான். நீளத்தைப் பெட்டிக்குள் மடித்துக்கொள்ளலாம். டேவிட் மெக்பீன் எழுதிய 'ஹார்ன்ரெஸ்ப்' என்ற இலவச மென்பொருளில் அளவுகளைப் போட்டுப் பார்க்காமல் ஒரு பலகையையும் அறுக்காதீர்கள்.

என்னுடையது மூன்று மடிப்பு, உள்ளே பாதை ஏறத்தாழ 2.7 மீட்டர், 32 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் கணக்கு. செய்து முடித்து மூலையில் நிறுத்தி முதல் படம் போட்டோம். இடி உறுமியது, தரை அதிர்ந்தது. ஆனால் கதவை அறைந்து சாத்தும் காட்சியில் அட்டைப்பெட்டியைத் தட்டின மாதிரி ஒரு சத்தம். "அப்பா, கதவு சாத்தினதே தெரியல" என்றாள் மகள். முரசு அடித்தால் தோல் சத்தம் மட்டும் வந்தது, நெஞ்சில் விழும் அடி இல்லை. பேஸ் அளவைக் கூட்டினால் உறுமல்தான் கூடியது.

காற்றுக் கசிவு என்று நினைத்தேன். 40 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஈரக் கையை ஒவ்வொரு இணைப்பிலும் நகர்த்திப் பார்த்தேன். ஒரு மூலையில் மெல்லிய காற்று விரலில் பட்டது. பசை வைத்து அடைத்தேன், மாற்றமில்லை. கிராஸ்ஓவரை மாற்றினேன், பெட்டியை எதிர் மூலைக்கு இழுத்தேன், அதிலும் பலனில்லை. இப்படியே இரண்டு மாதம் போயிற்று. கடைசியில் பிழை இருந்தது ரிசீவரின் (படத்தின் ஒலியை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் கருவி) அமைப்பில். சப்வூஃபர் (அடி ஒலி ஸ்பீக்கர், இங்கே என் ஹார்ன்) தூரம் என்ற இடத்தில் நாற்காலியிலிருந்து ஹார்ன் வாய் வரை டேப்பால் அளந்து 3.5 மீட்டர் என்று போட்டிருந்தேன். ஆனால் ஒலி புறப்படுவது வாயில் இல்லை, உள்ளே இருக்கும் டிரைவரில். 2.7 மீட்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வர எட்டு மில்லிவிநாடி ஆகிறது. 80 ஹெர்ட்ஸில் ஓர் அலையே 12.5 மில்லிவிநாடிதான். அரை அலைக்கும் மேலான தாமதம் அது. மற்ற ஸ்பீக்கரும் ஹார்னும் சந்திக்கிற அதே 80 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டிருந்தன. தூரத்தை 6.2 மீட்டர் என்று மாற்றினேன், அதற்கேற்ப ரிசீவர் மற்ற ஸ்பீக்கர்களைத் தாமதப்படுத்தியது. அதே காட்சியைப் போட்டேன். கதவு சாத்தியது. மகள் உட்கார்ந்த இடத்திலேயே திடுக்கிட்டாள்.

ரிசீவர் மைக் வைத்துச் செய்யும் தானியங்கி அளவீடு இதைத் தானே கண்டுபிடிக்குமே என்று சிலர் சொல்வார்கள். பல ரிசீவர்களில் கண்டுபிடிக்கும். என்னுடையதில் அந்த வசதி இல்லை. இன்னும் சிலர், ஹார்ன் இல்லாமல் காற்றுப்புகாமல் மூடிய (சீல்டு) பெட்டி சப்வூஃபர் இரண்டு வைத்தால் பாதி இடத்தில் இதே ஆழம் கிடைக்கும் என்பார்கள். கிடைக்கும், மறுக்கவில்லை. இடம் முக்கியம் என்றால் அதையே செய்யுங்கள்.

எனக்கு ஆறாத வருத்தம் வேறு ஒன்று. "கடையில் கிடைக்கிறதே, எதற்கு இந்த வீண் வேலை?" என்று இரண்டு மாதமும் கேட்டவர்கள், வேலை முடிந்ததும் வந்து உட்கார்ந்து முழுப் படம் பார்த்தார்கள். எழுந்து போகும்போது "எனக்கும் ஒன்று செய்து கொடேன், உனக்குத்தான் பொழுதுபோக்கு ஆச்சே" என்றார்கள். தோட்டம் போடுகிறவரிடம் இப்படிக் கேட்பார்களா? கையால் செய்கிறவனின் நேரத்துக்கு மட்டும் மதிப்பே இல்லை என்று யார் முடிவு செய்தது? உங்களுக்கும் இது நடக்கும், முதலிலேயே முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

சரி, வேலைக்கு வருகிறேன். பலகை வாங்கியதும் கனத்தைக் காலிப்பரில் அளந்து, அந்த அளவையே வரைபடத்தில் போடுங்கள். 18 மில்லிமீட்டர் என்று எழுதியிருப்பது 17க்கும் கீழே இருக்கலாம், அப்புறம் உள்தடுப்புகள் பொருந்தாது. டிரைவர் பக்கத்துப் பலகையை ஒட்டாதீர்கள், ரப்பர் பட்டை வைத்துத் திருகு போடுங்கள். ஹார்ன் இறங்கும் எல்லைக்குக் கீழான ஒலியில் சவ்வைத் தாங்கிப் பிடிக்கக் காற்று இல்லை, அதனால் 25 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழான ஒலியை வெட்டும் வடிகட்டி) கட்டாயம் வேண்டும். அறையின் நீள அகலத்தையும், எந்த மூலை காலியாக இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். மடிப்பு எப்படிப் போடலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.