கடைசியில் வந்த சம்பளம்

கேள்வி: அமெரிக்காவில் செலவுக்கான பணத்தை நாடாளுமன்றம் ஒதுக்காததால் 2025-இல் 43 நாள் அரசு முடங்கியது. ஊழியர்களுக்குத்தான் கடைசியில் முழுச் சம்பளமும் கொடுத்துவிட்டார்களே, இதில் யாருக்கு என்ன நஷ்டம்? நம் நாட்டிலும் இப்படி நடக்குமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: 'கடைசியில்' என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள் அம்மா. பத்திரிகை உலகில் அதற்குத் தனி மரியாதை உண்டு. சன்மானம் கேட்டு எந்த எழுத்தாளர் போன் செய்தாலும் எங்கள் கணக்குப் பிரிவு சொல்லும் ஒரே பதில், 'கடைசியில் வந்துவிடும் சார்.' எழுத்தாளர்கள் பழகிவிட்டார்கள். அவர்களுடைய வீட்டுக்காரர்கள்தான் பழகவில்லை. அவர்களுக்கு வாடகை ஐந்தாம் தேதி என்றால் ஐந்தாம் தேதி.

வாஷிங்டன் வீட்டுக்காரரும் அப்படித்தான். 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாள் முடக்கம் நடந்ததே, அப்போது அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகம் ஊழியர்களுக்கு மாதிரிக் கடிதங்கள் வெளியிட்டது. கடன் கொடுத்தவருக்கு ஒன்று, வீட்டுக்காரருக்கு ஒன்று. வாடகையில் ஒரு பகுதிக்கு ஈடாகப் பெயின்ட் அடிப்பது, தச்சு வேலை மாதிரி ஏதாவது செய்து தரலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்கச் சொன்னது அந்தக் கடிதம். ஊர் சிரித்ததும், 'அது 2013 முடக்கத்தின்போது எழுதியது, தவறிப்போய் வெளியாகிவிட்டது' என்றார்கள். அப்படியானால் 2013-லேயே ஒரு புண்ணியவான் சுத்தியலோடு யோசித்திருக்கிறார்!

நம் ஊரில் எழுதிப் பாருங்கள். 'ஐயா, நான் வருமான வரி அலுவலகத்தில் பணிபுரிகிறேன். இம்மாத வாடகைக்குப் பதிலாகத் தங்கள் மாடிச் சுவருக்கு வெள்ளையடித்துத் தரச் சித்தமாக இருக்கிறேன்.' வருமான வரிக்காரர் ஏணியும் வாளியுமாக மாடி ஏறுவதைப் பார்த்தால் எந்த வீட்டுக்காரருக்கு நெஞ்சு தாங்கும்? வாடகையே வேண்டாம், கீழே இறங்குங்கள் சார் என்பார். அட்வான்ஸைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அதே சமயத்தில் கடலோரக் காவல் படை தன் பங்குக்கு ஒரு குறிப்பு விட்டது: பழைய சாமான்களை விற்கலாம், குழந்தை பார்த்துக்கொள்ளப் போகலாம், அடுத்தவர் நாயை நடத்திக் கூட்டிப் போகலாம், திவால் மனு கடைசி வழி. அங்கேயும் 'கடைசி' வந்துவிட்டது பாருங்கள்.

சரி, உங்கள் கேள்வி. 2025-இல் சுமார் 14 லட்சம் பேருக்குச் சம்பளம் நின்றது. ஏறக்குறைய பாதிப் பேர் வீட்டில். மற்றவர்கள் சம்பளமில்லாமல் வேலையில். விமானங்களுக்கு வழிகாட்டும் கட்டுப்பாட்டாளர்கள் சம்பளச் சீட்டில் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு ராடார் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். நிலுவைச் சம்பளம் கட்டாயம் என்று 2019-இல் சட்டம் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டவர் டிரம்ப். அது தானாக வராது என்று 2025-இல் கிளப்பிவிட்டதும் அவருடைய ஆட்கள்தான்.

அந்தச் சட்டமும் அரசு ஊழியருக்கு மட்டும். அருங்காட்சியகத்தைக் கூட்டுபவர், வாசலில் நிற்கும் காவலாளி, கேன்டீனில் தட்டு கழுவுபவர் எல்லாம் பெரும்பாலும் கான்ட்ராக்ட் ஆட்கள். கட்டடம் பூட்டினால் அவர்களுக்குக் கூலி இல்லை. திறந்த பிறகும் பழைய கூலி இல்லை. மினசோட்டா செனட்டர் டினா ஸ்மித் இவர்களுக்காக மசோதா கொண்டுவந்தார். நிறைவேறவில்லை. நஷ்டம் யாருக்கு என்றீர்களே, இவர்களுக்கு. எம்.பி.க்களுக்குச் சம்பளம் ஒரு நாளும் நிற்கவில்லை. அரசியல் சட்டமே காப்பாற்றுகிறது.

நம் நாட்டில் நடக்குமா? பட்ஜெட் தாமதமானால் செலவுக்கு முன்பணம் வாங்க 116-ஆவது பிரிவு இருக்கிறது. மக்களவையில் பண மசோதா தோற்றால் அரசு ராஜினாமா செய்ய வேண்டியதுதான். ஆஸ்திரேலியாவில் 1975-இல் மேல்சபையான செனட் அரசுக்கான பணத்தை மறித்து உட்கார்ந்தது. நவம்பர் 11 அன்று கவர்னர் ஜெனரல் பிரதமர் விட்லமைப் பதவிநீக்கம் செய்தார். அன்று மத்தியானமே பணம் பாஸாகிவிட்டது. அலுவலகம் மூடவில்லை, பிரதமர்தான் வீட்டுக்குப் போனார். அமெரிக்காவில் அதிபரையும் அசைக்க முடியாது, நாடாளுமன்றமான காங்கிரஸையும் கலைக்க முடியாது. 1980 வரை அங்கேயும் பணம் பாஸாகாத நாட்களில் அலுவலகங்கள் சிக்கனமாக ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஒதுக்காத பணத்தைச் செலவழிக்கக் கூடாது என்ற 1884-ஆம் வருடத்துச் சட்டத்துக்குச் சிவிலெட்டி என்ற அட்டர்னி ஜெனரல் கறாராகப் பொருள் சொன்ன பிறகுதான் இந்தப் பூட்டும் சாவியும்.

இந்தியாவுக்கு அதிபர் முறைதான் மருந்து என்று இந்தப் பக்கத்துக்கு விடாமல் எழுதும் கோயம்புத்தூர் அன்பர் இதைப் படிப்பார் என்று தெரியும். அடுத்த கடிதத்தில் அந்த 43 நாளுக்கும் ஒரு பாரா ஒதுக்குங்கள் சார். பிரசுரிக்கிறேன். சன்மானம் கடைசியில் வரும்.