கடவுச்சொல் சரிதான், ஆனாலும் உள்ளே விடவில்லை!
வளாக வைஃபை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வீட்டு வைஃபைக்கு ஒரு கடவுச்சொல் போதும். பல்கலைக்கழக வைஃபையோ விண்ணப்பப் படிவம் மாதிரி கட்டம் கட்டமாகக் கேட்கிறது. எதில் எதை நிரப்புவது?
– முதலாண்டு மாணவி

பதில்: வீட்டில் குடும்பத்துக்கே ஒரு சாவி, வளாகத்தில் ஆளுக்கொரு சாவி. அதனால்தான் இத்தனை கட்டங்கள். டபிள்யூ.பி.ஏ. என்டர்பிரைஸ் என்னும் இந்த முறையில், சுவரில் மாட்டியிருக்கும் அக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் தரும் பெட்டி) உங்கள் கடவுச்சொல்லைப் பார்ப்பதே இல்லை. பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வருக்கும் உங்கள் போனுக்கும் நடுவே தபால்காரர் வேலை மட்டும் பார்க்கிறது. சர்வர் 'சரி' என்றால் கதவு திறக்கும்.

ஆண்ட்ராய்டு போனில், பெரும்பாலான வளாகங்களுக்கு ஈ.ஏ.பி. மெத்தட் என்ற இடத்தில் பி.ஈ.ஏ.பி. என்பதையும், ஃபேஸ் 2 என்ற இடத்தில் எம்.எஸ்.சாப் வி2 என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். சி.ஏ. சர்டிஃபிகேட் கட்டத்தில், எதிரே இருப்பது உண்மையான சர்வர்தானா என்று போன் சரிபார்க்கப் பல்கலைக்கழகம் தந்த சான்றிதழ். சர்வரின் சான்றிதழ் பொதுவான நிறுவனம் ஒன்றிடம் வாங்கியதாக இருந்தால் 'யூஸ் சிஸ்டம் சர்டிஃபிகேட்ஸ்'. டொமைன் கட்டத்தில் ரேடியஸ் சர்வரின் டொமைன் பெயர். இதைக் கணினி மையத்தின் வழிகாட்டியில் பார்த்து எழுத்துப் பிசகாமல் போடுங்கள். ஐடென்டிட்டி என்பது உங்கள் பயனர்பெயர். அனானிமஸ் ஐடென்டிட்டி என்பது உறையின் மேல் எழுதும் பெயர் போன்றது. உள்ளே போகும் உண்மைப் பெயரை வழியில் யாரும் படிக்காதிருக்க, வெளியே பொதுப்பெயர் ஒன்றை எழுதுகிறோம். எதைப் போடுவது என்று வழிகாட்டி சொல்லவில்லை என்றால் காலியாக விட்டுவிடலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் நுழைய முடியவில்லையா? பயனர்பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் வெற்றிடத்தைத் தேடுங்கள். கீபோர்டு தானாக நிரப்பும்போது ஓர் இடைவெளியையும் சேர்த்துவிடும். முதலெழுத்தைப் பெரிய எழுத்தாகவும் மாற்றிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஓர் இடைவெளி போதும், சர்வர் கதவைச் சாத்த. திருத்திய பிறகும் பழைய அமைப்பே பிடிவாதம் பிடித்தால், 'ஃபர்கெட் நெட்வொர்க்' கொடுத்து முதலிலிருந்து நிரப்புங்கள்.

பல்கலைக்கழகம் இதற்கென்று செயலியோ அமைப்புக் கோப்போ கொடுத்திருந்தால், மேலே சொன்ன எதையும் கையால் செய்யாதீர்கள். அதுவே எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிடும்.

கேள்வி: பழைய போனில் சி.ஏ. சர்டிஃபிகேட் கட்டத்தில் 'டூ நாட் வேலிடேட்' (சான்றிதழைச் சரிபார்க்காதே) என்று ஒரு வசதி இருந்தது, அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். புதிய போனில் அதையே காணோம். திரும்பக் கொண்டுவர வழி உண்டா?
– விடுதி மாணவர்

பதில்: கொண்டுவர வேண்டாம். அது போனதே நல்லது. ஆண்ட்ராய்டு 11-க்கு 2020 டிசம்பரில் வந்த மேம்படுத்தலில், பிக்ஸல் போன்களில் முதலில் அதை எடுத்தார்கள்; பிறகு மற்ற போன்களிலும் மறைந்தது.

காரணம் இதுதான். ஒரு வைஃபையின் பெயர் யாருக்கும் சொந்தமில்லை. உங்கள் வளாக வைஃபையின் பெயரையே தன் பையிலுள்ள சின்னப் பெட்டிக்கு ஒருவர் வைத்துக்கொண்டு கேன்டீனில் உட்காரலாம். சான்றிதழைச் சரிபார்க்காத போன், பெயரைப் பார்த்ததும் அந்தப் பெட்டியிடம் தானாகவே போய் உள்நுழையப் பார்க்கும். நீங்கள் போனைத் தொட்டிருக்கவே வேண்டாம். போன் அனுப்புவது கடவுச்சொல் அல்ல, அதிலிருந்து கணக்கிட்ட ஒரு விடைதானே என்று சமாதானம் சொல்வார்கள். ஆனால் எம்.எஸ்.சாப் வி2 முறையில் வரும் அந்த விடையை உடைப்பது, டெஸ் என்ற பழைய பூட்டு ஒன்றின் சாவியைத் தேடும் வேலைக்குச் சமம் என்று 2012-லேயே செய்துகாட்டிவிட்டார்கள். பல வளாகங்களில் மின்னஞ்சல், மதிப்பெண், கட்டணம் எல்லாவற்றுக்கும் அதே கடவுச்சொல்தான். ஆக, இழப்பு வைஃபையோடு நிற்காது.

டொமைன் கட்டத்தைக் கட்டாயம் நிரப்பச் சொல்வதும் இதனால்தான். போனில் உள்ள பொதுச் சான்றிதழ்களை மட்டும் நம்பி டொமைனைச் சொல்லாமல் விட்டால், எந்த ஊர் பேர் தெரியாத தளத்துக்காக வாங்கிய சான்றிதழும் தேறிவிடும். சான்றிதழ் உண்மையானதா என்பது ஒரு கேள்வி. அது யாருடையது என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் பதில் வேண்டும்.

ஆண்ட்ராய்டு 13 முதல் சில போன்கள், முதல் முறை சர்வரின் சான்றிதழைக் காட்டி 'நம்பலாமா' என்று கேட்கின்றன. ஐபோனும் அப்படியே கேட்கும். அந்தத் திரையில் தெரியும் பெயரையும் சான்றிதழின் 'ஃபிங்கர்பிரின்ட்' என்ற அடையாள எண்ணையும் கணினி மையம் வெளியிட்டதோடு ஒப்பிட்டுவிட்டுச் சம்மதியுங்கள். பல மாதம் ஒழுங்காக ஓடிய பிறகு திடீரென்று மறுபடி கேட்டால், ஒன்று சான்றிதழைப் புதுப்பித்திருப்பார்கள், அல்லது எதிரே இருப்பது போலி. மொபைல் டேட்டாவில் பல்கலைக்கழக அறிவிப்பைப் பார்க்காமல் 'ஆம்' சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. சான்றிதழைக் கோப்பாகக் கொடுத்து ஆண்ட்ராய்டில் நிறுவச் சொன்னால், 'வைஃபை சர்டிஃபிகேட்' என்ற வகையில் நிறுவுங்கள். வெறும் 'சி.ஏ. சர்டிஃபிகேட்' என்ற வகை, நீங்கள் உலாவியில் பார்க்கும் தளங்களையும் அந்தச் சான்றிதழை வைத்து நம்பச் சொல்வது. வைஃபைக்கு அது தேவையே இல்லை.

கேள்வி: என் லேப்டாப் மட்டும் 'சான்றிதழ் செல்லாது' என்கிறது. நண்பர்களின் லேப்டாப்களில் பிரச்சினை இல்லை.
– இரண்டாமாண்டு மாணவர்

பதில்: தேதியையும் ஆண்டையும் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த லேப்டாப் பழைய ஆண்டுக்குப் போய்விடும். அந்தக் கணக்கில் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. இணையம் இல்லாமல் கடிகாரம் திருந்தாது, கடிகாரம் திருந்தாமல் இணையம் வராது. கையால்தான் திருத்த வேண்டும்.

தேதி சரியாக இருந்து, லினக்ஸை அண்மையில் மேம்படுத்திய பிறகு இது தொடங்கியது என்றால் கோளாறு எதிர்ப்பக்கத்தில் இருக்கலாம். உபுண்டு 22.04 போன்றவற்றில் வரும் ஓப்பன்எஸ்எஸ்எல் 3 என்ற பாதுகாப்பு மென்பொருள், மிகப் பழைய டி.எல்.எஸ். (மறைகுறியாக்க முறை) பேசும் ரேடியஸ் சர்வர்களோடு பேச மறுக்கும். லேப்டாப்பின் பாதுகாப்பைத் தளர்த்தினால் வேலை நடக்கும்தான். ஆனால் சரிசெய்ய வேண்டியது சர்வரை.

கேள்வி: கடவுச்சொல்லை மாற்றினேன். அரை மணி நேரத்தில் கணக்கே பூட்டிக்கொண்டது. யாராவது ஹேக் செய்கிறார்களா?
– ஆய்வு மாணவி

பதில்: செய்வது உங்கள் பையிலிருக்கும் பழைய டேப்லெட்டாக இருக்கும். அதில் பழைய கடவுச்சொல் சேமித்திருக்கிறது. வைஃபை எல்லைக்குள் வந்ததும் அதையே திரும்பத் திரும்ப அனுப்புகிறது. இத்தனை முறை தவறினால் பூட்டு என்று சர்வரில் வரம்பு வைத்திருப்பார்கள். அதைத் தாண்டியதும் கணக்கு முடங்குகிறது. அடுத்த முறை போன், லேப்டாப், டேப்லெட், கடிகாரம் எல்லாவற்றிலும் முதலில் வைஃபையை அணைத்துவிடுங்கள். கடவுச்சொல்லை மாற்றிய பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, பழைய பதிவை நீக்கி, புதியதைப் போட்டு இணையுங்கள். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் அதுதான் குற்றவாளி.

கேள்வி: விருந்தினர் வைஃபையில் 'கனெக்டட்' என்று வருகிறது. ஆனால் லாகின் பக்கம் திறக்கவில்லை, இணையமும் இல்லை.
– கருத்தரங்குக்கு வந்த ஆசிரியர்

பதில்: விருந்தினர் வைஃபை வேறு வகை. முதலில் உள்ளே விட்டுவிட்டு, நீங்கள் திறக்கும் முதல் பக்கத்தை மறித்து லாகின் பக்கத்துக்குத் திருப்பும். இந்த மறிப்பு பூட்டுப் போட்ட 'எச்.டி.டி.பி.எஸ்.' பக்கங்களில் செல்லாது. உலாவி அதை மோசடி என்றே எடுத்துக்கொள்ளும். எனவே நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் போன்ற பூட்டில்லாத பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் வி.பி.என்.-ஐ நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டில் 'பிரைவேட் டி.என்.எஸ்.' என்ற இடத்தில் ஏதாவது சர்வர் பெயர் எழுதி வைத்திருந்தால், அதை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றுங்கள். எழுதி வைத்த சர்வரை லாகினுக்கு முன் எட்ட முடியாது. எட்டாமல் எந்தப் பெயரும் முகவரியாக மாறாது. லாகின் பக்கமும் வராது. விளம்பரத் தடுப்புக்காக இதைப் போட்டுவிட்டு மறந்தவர்கள் நிறைய.

போனின் ஐ.பி. முகவரி 169.254 என்று தொடங்கினால் கதை வேறு. முகவரி கொடுக்க வேண்டிய டி.எச்.சி.பி. சர்வரிடமிருந்து பதில் வரவில்லை என்று பொருள். கூட்டம் மிகுந்த நாளில் முகவரிக் கையிருப்பு தீர்ந்துபோவதும் உண்டு. வைஃபையை அணைத்துச் சில நிமிடம் கழித்து இணையுங்கள்.

ஒருமுறை லாகின் செய்த போனை மறுநாள் மறந்துவிடுகிறது என்றால், போனின் மேக் முகவரி (நெட்வொர்க்கில் கருவியை அடையாளம் காட்டும் எண்) மாறியிருக்கலாம். ஆண்ட்ராய்டு 10, ஐ.ஓ.எஸ். 14 முதல் போன்கள் தம் உண்மையான மேக் முகவரியை மறைத்து ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைமுகவரி வைக்கின்றன. முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ என்பவற்றில் ஒன்றானால் அது புனைமுகவரி. மேக் முகவரியைப் பதிவு செய்யச் சொல்லும் வளாகங்களில், அந்த ஒரு வைஃபைக்கு மட்டும் இந்த மறைப்பை நீக்கிவிட்டு, உண்மை முகவரியைப் பதியுங்கள்.

கேள்வி: வகுப்பறையில் கோடு முழுதாகக் காட்டுகிறது. ஒரு பக்கம் திறக்க ஒரு யுகம் ஆகிறது. நூலகத்திலிருந்து நடந்து வந்தால் இன்னும் மோசம்.
– முதுகலை மாணவர்

பதில்: அந்தக் கோடுகள் சிக்னலின் வலுவைத்தான் சொல்கின்றன, நெரிசலைச் சொல்லாது. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். நூறு பேர் இருக்கும் அறையில் உங்கள் முறை வரக் காத்திருக்க வேண்டியதுதான். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே. மாணவர்களின் போன் ஹாட்ஸ்பாட்டுகளும் அந்த மூன்றுக்குள்தான் முண்டியடிக்கின்றன. வைஃபை மெதுவாக இருக்கிறதே என்று பத்துப் பேர் ஹாட்ஸ்பாட் போட, அதனாலேயே வைஃபை இன்னும் மெதுவாகும் வேடிக்கையை எந்த வளாகத்திலும் பார்க்கலாம். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். லேப்டாப்பின் வைஃபை அடாப்டர் அமைப்பில் 'பிரிஃபர்டு பேண்ட்' என்று இருந்தால் 5-ஐத் தேர்ந்தெடுங்கள். சில மலிவான கருவிகளுக்கு, ரேடாரோடு பகிர்ந்துகொள்ளும் 52 முதல் 144 வரையிலான சேனல்கள் தெரியாது; பக்கத்து அக்சஸ் பாயின்ட் அதில் இயங்கினால் அவை 2.4-லேயே மாட்டிக்கொள்ளும்.

நடந்து வரும்போது நேர்வது 'ஒட்டுதல்'. எந்த அக்சஸ் பாயின்ட்டில் இருப்பது என்று முடிவு செய்வது வளாகம் அல்ல, உங்கள் போன். ஐபோன், சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் (சிக்னல் வலுவின் அலகு) கீழே போனால்தான் வேறு இடம் தேடத் தொடங்கும். தேடியது, தரவு ஓடிக்கொண்டிருந்தால் 8 டெசிபெல்லாவது, சும்மா இருந்தால் 12 டெசிபெல்லாவது கூடுதலாக இருந்தால்தான் மாறும். அதுவரை நூலகத்தின் கையை விடாது. வகுப்பறைக்குள் வந்ததும் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், அருகிலுள்ளதைப் பிடித்துக்கொள்ளும். வீடியோ வகுப்புக்கு மைனஸ் 67 அல்லது அதைவிடப் பூஜ்யத்துக்கு நெருங்கிய எண் வேண்டும். மைனஸ் 80 வந்துவிட்டால் இடத்தை மாற்றுங்கள்.

கேள்வி: விடுதி அறையில் டி.வி.யும் பிரின்டரும் வளாக வைஃபையை ஏற்க மறுக்கின்றன. சுவரிலுள்ள லேன் பிளக்கில் சொந்த ரவுட்டரைப் போடலாமா?
– விடுதி மாணவர்கள் இருவர்

பதில்: பெரும்பாலான டி.வி., பிரின்டர்களுக்குப் பயனர்பெயர் போடும் இடமே கிடையாது. என்டர்பிரைஸ் முறை அவற்றுக்குத் தெரியாது. இதற்கென்று மேக் முகவரியைப் பதிந்து சேர்க்கும் தனி வைஃபை பல வளாகங்களில் உண்டு, கேளுங்கள். அதில் சேர்ந்தாலும் போனிலிருந்து டி.வி.க்குப் படம் அனுப்ப முடியாமல் போகலாம். பயனர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காதபடி பிரித்து வைப்பது வழக்கம். அது கோளாறு அல்ல. பிரின்டருக்கு யூ.எஸ்.பி. கேபிளே சுகம்.

ரவுட்டரைப் போடுமுன் விதியைக் கேளுங்கள், பெரும்பாலும் தடைதான். அதற்குக் காரணமும் உண்டு. சுவரிலிருந்து வரும் கேபிளை ரவுட்டரின் 'வான்' துளைக்குப் பதில் 'லேன்' துளையில் செருகிவிட்டால், உங்கள் ரவுட்டர் அந்த மாடிக்கே முகவரி வழங்கத் தொடங்கிவிடும். பக்கத்து அறைக்காரர்களுக்கு 192.168 என்று முகவரி வரும், இணையம் வராது. விழிப்பான வளாகத்தில் ஸ்விட்ச் இதைக் கண்டுபிடித்து உங்கள் பிளக்கை மட்டும் முடக்கிவிடும்.

கேள்வி: வேறு பல்கலைக்கழகத்துக்கு ஒரு மாதம் போகிறேன். எடுரோம் அங்கேயும் வேலை செய்யுமா?
– ஆய்வு மாணவர்

பதில்: எடுரோம் என்பது, ஒரு கல்வி நிறுவனத்தின் கணக்கை வைத்து மற்ற நிறுவனங்களிலும் வைஃபையில் நுழைய விடும் ஏற்பாடு. இரண்டு இடமும் அதில் இருந்தால் செய்யும். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. பயனர்பெயரை '@' குறிக்குப் பின்னுள்ள பகுதியோடு முழுதாகப் போட வேண்டும். அந்தப் பகுதியைப் பார்த்துத்தான் உங்கள் கோரிக்கை சொந்தப் பல்கலைக்கழகத்தின் சர்வருக்குப் போகிறது. சொந்த வளாகத்தில் '@' இல்லாமலே நுழைய முடிவதால் பலர் இதைக் கவனிப்பதில்லை, வெளியூரில்தான் தெரியும். கடவுச்சொல் மறைவழியில் உங்கள் சர்வருக்கே போவதால், போன இடத்துக்கு அது தெரியாது. சான்றிதழும் உங்கள் சொந்தப் பல்கலைக்கழகத்துடையதுதான். கிளம்புமுன் இங்கேயே அமைத்து, ஒருமுறை இணைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். அங்கே தடுமாறினால் அந்த ஊர்க் கணினி மையத்தால் உங்கள் கணக்கைத் திறந்து பார்க்க முடியாது.

கேள்வி: நான் என்ன பார்க்கிறேன் என்பது நிர்வாகத்துக்குத் தெரியுமா?
– பெயர் வேண்டாம்

பதில்: எந்தக் கணக்கு, எந்த நேரம், எந்த அக்சஸ் பாயின்ட், எவ்வளவு தரவு, பொதுவாக எந்தத் தளத்தின் பெயர் என்பது வரை தெரியக்கூடும். எச்.டி.டி.பி.எஸ். தளத்துக்குள் எந்தப் பக்கம், என்ன எழுதினீர்கள் என்பது தெரியாது. முன்பு சொன்ன 'சி.ஏ. சர்டிஃபிகேட்' வகையில் எதையாவது நிறுவச் சொல்லி நிறுவியிருந்தால், அந்தப் பூட்டையும் நடுவில் திறக்க வழி உண்டு. எந்த அக்சஸ் பாயின்ட் என்பது, நீங்கள் எந்தக் கட்டடத்தில் இருந்தீர்கள் என்பதும்தான்.

கேள்வி: கணினி மையத்தில் புகார் கொடுத்தால் 'எங்களிடம் சரியாகத்தான் இருக்கிறது' என்றே பதில் வருகிறது. எப்படிக் கேட்பது?
– மாணவர் சங்கப் பொறுப்பாளர்

பதில்: 'வைஃபை வரவில்லை' என்ற புகாரை வைத்து அவர்களால் ஒன்றும் தேட முடியாது. சர்வர் பதிவேட்டில் தேட மூன்று விவரம் வேண்டும்: பயனர்பெயர், அப்போது போன் காட்டிய மேக் முகவரி, நிமிடத்தோடு நேரம். கூடவே கட்டடம், மாடி, அறை எண், திரையில் வந்த பிழையின் படம், ஐ.பி. முகவரி, டிபிஎம் எண், அதே இடத்தில் இன்னொருவர் கருவி வேலை செய்ததா என்பதையும் எழுதுங்கள். பதிவேட்டில் அந்த நிமிடத்தில் உங்கள் கோரிக்கையே இல்லையென்றால் சிக்னல் பக்கம் பார்ப்பார்கள். வந்து 'மறுப்பு' என்றிருந்தால் கடவுச்சொல் அல்லது கணக்கு. 'ஏற்பு' என்று இருந்தும் இணையம் இல்லையென்றால் முகவரி வழங்கும் பக்கம். கடவுச்சொல்லை மட்டும் புகாரில் எழுதாதீர்கள். அதைக் கேட்டு மின்னஞ்சல் வந்தால் அது கணினி மையம் அனுப்பியது அல்ல.